பாட்டில் திட்டினால் துப்பாக்கி எடுப்பார்களா? டிஸ் டிராக் பற்றிப் புதிதாகக் கேட்பவர்களுக்கு

2024 மே 4-ம் தேதி அமெரிக்க ராப்பர் கென்ட்ரிக் லமார் வெளியிட்ட "நாட் லைக் அஸ்" பாட்டின் அட்டைப்படத்தை ஒரு தடவை தேடிப் பாருங்கள். அதில் பாடகர் இல்லை. மேலிருந்து எடுத்த ஒரு பெரிய வீட்டின் படம், அதன் மேல் சிவப்புச் சிவப்பாகக் குறிகள். அமெரிக்காவில் பாலியல் குற்றவாளிகள் எங்கே குடியிருக்கிறார்கள் என்று காட்டும் வரைபடங்கள் இணையத்தில் இருக்கின்றன, அதே மாதிரிக் குறிகள். வீடு டொராண்டோவில் இருக்கும் ராப்பர் டிரேக்குடையது. பாட்டும் அவரைத் திட்டித்தான்.

மூன்று நாள் கழித்து, மே 7 அதிகாலையில், அந்த வீட்டு வாசலில் நின்ற காவலாளியை யாரோ காரிலிருந்து சுட்டார்கள். அவருக்குப் படுகாயம். அடுத்த இரண்டு நாட்களும் யாராவது உள்ளே நுழைய முயல்வதும் போலீஸ் வருவதுமாக இருந்தது. சுட்டதற்கும் பாட்டுக்கும் தொடர்பு உண்டு என்று போலீஸ் சொல்லவில்லை, அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த வாரம் முழுக்க இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பாட்டு விட்டதைக் கைதட்டி ரசித்துக்கொண்டிருந்தவர்களுக்கு (நானும் அதில் ஒருவன்) அன்று காலையில் கொஞ்சம் தூக்கிவாரிப் போட்டது. ஹிப் ஹாப் பக்கமே போகாத நண்பர் ஒருவர் அப்போது கேட்டார்: "ஏன்டா, ஒரு பாட்டுக்காகவா சுடுவாங்க?" அவருக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில் சொற்கள். மரியாதைக் குறைவு என்று பொருள்படும் "டிஸ்ரெஸ்பெக்ட்" என்ற சொல்லைத் தெருவில் வெட்டிச் சுருக்கியதுதான் "டிஸ்". ஒருவரைக் குறிவைத்து, அவரை மட்டம் தட்டுவதற்கென்றே எழுதிய பாட்டு டிஸ் டிராக். இரண்டு பேருக்கு நடுவே ஓடும் பகைக்கு "பீஃப்" என்று பெயர், பிரியாணிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ராப் பாட்டின் ஒவ்வொரு அடிக்கும் "பார்" என்று பெயர். "அவன் பார்ஸ் செம" என்று யாராவது சொன்னால் வரிகளைப் பாராட்டுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நமக்கு இது அவ்வளவு புதிதல்ல. கிராமத்து எசப்பாட்டையும், மன்மதன் எரிந்தானா எரியவில்லையா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து விடிய விடிய மோதும் லாவணியையும் கேட்டவர்களுக்கு டிஸ் டிராக்கின் அடிப்படை உடனே பிடிபட்டுவிடும்: எதிராளியின் வரியைப் பிடித்து அவன் மேலேயே திருப்பி எறிய வேண்டும், கூட்டம் சிரிக்க வேண்டும். ஆனால் ஹிப் ஹாப்புக்கு அதன் சொந்தப் பாட்டன் ஒருவர் உண்டு. அமெரிக்கக் கறுப்பினச் சிறுவர்கள் தெருமுனையில் விளையாடும் "டஸன்ஸ்" என்ற விளையாட்டு. ஒருவன் மற்றவனின் அம்மாவையும் குடும்பத்தையும் கிண்டலடிப்பான், அவன் அதைவிடப் பெரிதாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும், சுற்றி நிற்பவர்கள் "ஓஓ" என்று கத்துவார்கள். யார் முதலில் நிஜமாகக் கோபப்பட்டுக் கை ஓங்குகிறானோ அவன் தோற்றான். இந்த விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நடந்த விபரீதங்களில் பெரும்பாலும் உடைபட்டது இதுதான்.

பதிவாக வந்த டிஸ் பாட்டுகளில் முதன்முதலில் பெரிய தீயாகப் பற்றியது 1984-ல். யுடிஎஃப்ஓ என்ற நியூயார்க் குழு, தங்களைக் கண்டுகொள்ளாமல் போகும் ராக்ஸேன் என்ற பெண்ணைப் பற்றி ஒரு பாட்டு போட்டிருந்தது. குவீன்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பில் லோலிடா கூடன் என்று ஒரு பெண், வயது 14. துணி துவைக்கக் கிளம்பியவளைத் தயாரிப்பாளர் மார்லி மார்ல் தன் வீட்டுக்கு அழைத்து மைக்கைக் கொடுக்க, அந்த ராக்ஸேன் நான்தான் என்று சொல்லிக்கொண்டு குழுவில் இருந்த மூன்று பேரையும் வரிசையாக நிறுத்தி வாங்கு வாங்கென்று வாங்கினாள். ஒரே டேக். ராக்ஸேன் ஷான்டே என்ற பெயர் அன்று பிறந்தது. அதற்குப் பதில், பதிலுக்குப் பதில் என்று டஜன் கணக்கில் பாட்டுகள் வந்தன, ராக்ஸேனின் பெற்றோர் பாடுவதாக ஒன்று, டாக்டர் பாடுவதாக ஒன்று என்று போய்க் கடைசியில் கேட்பவர்களுக்கே அலுத்துவிட்டது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

சரி, நல்ல டிஸ் டிராக் எப்படி இருக்கும்? வெறுமனே கெட்ட வார்த்தையை அடுக்கினால் யாரும் மதிக்க மாட்டார்கள். எதிராளியே மறுக்க முடியாத ஒரு சின்ன உண்மையை எடுத்து அதன் மேல் கட்ட வேண்டும். 2001-ல் ராப்பர் ஜே-ஸி இன்னொரு ராப்பரான நாஸ் மேல் விட்ட "டேக்ஓவர்" பாட்டைக் கேளுங்கள், நடுவில் மனிதர் கணக்கு வாத்தியார் மாதிரி ஆகிவிடுவார். நீ வந்து பத்து வருடம், போட்டது நான்கு ஆல்பம், அதில் இரண்டு தேறாது, ஒன்று சுமார், ஒன்றுதான் நன்று, ஆகப் பத்து வருடத்துக்கு ஒரு நல்ல ஆல்பம் உன் சராசரி. திட்டவே இல்லை, வகுத்துக் காட்டுகிறார், அதனால்தான் அப்படி வலித்தது. நாஸ் அந்த டிசம்பரிலேயே "ஈத்தர்" என்ற பாட்டில் திருப்பி அடித்த அடியில், ஒருவரை வார்த்தையாலேயே பொசுக்கிவிட்டால் "ஈத்தர் பண்ணிட்டான்" என்று சொல்வது ஹிப் ஹாப் பேச்சில் வினைச்சொல்லாகவே ஆகிப்போனது.

ஜே-ஸி அதற்கும் ஒரு பதில் போட்டார், அதில் நாஸின் குழந்தையின் தாயை இழுத்துக் கேவலமாக எதையோ பாடிவைத்தார். அதைக் கேட்டு முதலில் கூப்பிட்டது ஜே-ஸியின் அம்மா. இது எல்லை மீறல், மன்னிப்புக் கேள் என்றார். நியூயார்க்கையே ஆட்டிப் படைத்துக்கொண்டிருந்த மனிதர் வானொலியில் போய் மன்னிப்புக் கேட்டார். 2005 அக்டோபரில், "போர் அறிவிக்கிறேன்" என்று பெயர் வைத்த தன் கச்சேரியில் நாஸையே மேடைக்கு அழைத்துச் சேர்ந்து பாடினார், அடுத்த வருடமே ஜே-ஸி தலைவராக இருந்த டெஃப் ஜாம் நிறுவனத்தில் நாஸ் ஒப்பந்தமும் போட்டுக்கொண்டார். எனக்குத் தெரிந்து இவ்வளவு பெரிய சண்டை இவ்வளவு நன்றாக முடிந்தது இது ஒன்றுதான்.

அப்படியானால் எங்கே கெடுகிறது?

எல்லோரும் உடனே சொல்வது டூபாக் ஷக்கூர், நட்டோரியஸ் பி.ஐ.ஜி. என்ற பிக்கி, இந்த இரண்டு ராப்பர்கள் கதை. பாட்டில் திட்டிக்கொண்டார்கள், செத்துப்போனார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஆனால் நிதானமாகப் பார்த்தால் அவ்வளவு நேரான கதை இல்லை. இருவரும் முதலில் நண்பர்கள். 1994 நவம்பர் 30 அன்று நியூயார்க்கின் குவாட் ஸ்டுடியோ வரவேற்பறையில் டூபாக்கைச் சுட்டு நகையைப் பறித்துக்கொண்டு போனார்கள், அந்த நேரம் பிக்கி மேல் மாடியில் இருந்தார். சில மாதத்தில், 1995 தொடக்கத்தில், பிக்கியின் ஒரு பாட்டு வருகிறது, தலைப்பு "உன்னைச் சுட்டது யார்?" என்ற பொருளில். அது முன்பே பதிவு செய்தது, டூபாக்கைப் பற்றியதே இல்லை என்றுதான் பிக்கி தரப்பு கடைசிவரை சொன்னது. ஆனால் அப்போது சிறையில் இருந்த டூபாக் அதை எப்படிக் கேட்டிருப்பார் என்று யோசியுங்கள். எழுதியவன் மனதில் என்ன இருந்தது என்பது எவ்வளவு முக்கியமோ, கேட்பவன் அதைத் தன் மேல் போட்டுக்கொள்கிறானா என்பதும் அவ்வளவு முக்கியம். தன்னைப் பற்றியதே இல்லாமல் இருந்திருக்கக்கூடிய ஒரு பாட்டுக்கு 1996 ஜூனில் டூபாக் கொடுத்த பதில் "ஹிட் எம் அப்". உன் மனைவியோடு இருந்தேன் என்று தொடங்கும் பாட்டு அது, இன்றைக்குக் கேட்டாலும் காது கூசும்.

டூபாக் பிணையில் வெளியே வரப் பணம் ஏற்பாடு செய்து கொடுத்தது லாஸ் ஏஞ்சலிஸின் டெத் ரோ நிறுவனம், அதன் முதலாளி ஷுக் நைட். அவரைச் சுற்றி இருந்தவர்களில் பலர் கம்ப்டன் பகுதியின் பிளட்ஸ் கும்பலைச் சேர்ந்தவர்கள். இங்கேதான் கதை தடம் மாறுகிறது. 1996 செப்டம்பர் 7, லாஸ் வேகாஸ், மைக் டைசன் குத்துச்சண்டை முடிந்து எல்லோரும் வெளியே வருகிறார்கள். எம்ஜிஎம் கிராண்ட் ஹோட்டலின் கீழ்த்தளத்தில் ஓர் இளைஞனைப் பார்த்ததும் டூபாக் ஓடிப்போய் அடிக்கிறார், கூட இருப்பவர்களும் சேர்ந்து மிதிக்கிறார்கள், எல்லாம் கண்காணிப்பு கேமராவில் பதிவாகியிருக்கிறது. அந்த இளைஞன் எதிர்க் கும்பலான கிரிப்ஸைச் சேர்ந்தவன், சில வாரங்களுக்கு முன் டெத் ரோ ஆள் ஒருவனின் கழுத்துச் சங்கிலியைப் பறித்த தகராறில் இருந்தவன். சில மணி நேரம் கழித்து, சிக்னலில் நின்ற காரில் டூபாக் சுடப்பட்டார், செப்டம்பர் 13 அன்று இறந்தார், வயது 25. அடுத்த மார்ச் 9-ல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு விருந்திலிருந்து கிளம்பிய பிக்கியும் அதே மாதிரி காரில் வைத்துச் சுட்டுக் கொல்லப்பட்டார், வயது 24. அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. டூபாக் வழக்கில் 2023 செப்டம்பரில், 27 வருடம் கழித்து, டுவேன் டேவிஸ் என்பவரைக் கைது செய்தார்கள். அன்று அடிவாங்கிய இளைஞனின் மாமா. அந்தக் காரில் நானும் இருந்தேன் என்று அவரே புத்தகத்திலும் பேட்டிகளிலும் சொல்லியிருந்ததுதான் அவரைப் பிடித்துக்கொடுத்தது, நீதிமன்றத்தில் குற்றத்தை மறுத்திருக்கிறார்.

கவனித்தீர்களா, அந்த ராத்திரி தகராறுக்குக் காரணம் ஒரு சங்கிலி, ஓர் அடிதடி, இரண்டு கும்பல். பாட்டு எங்கும் இல்லை. ஆனால் பாட்டுக்குப் பங்கே இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன், ஏனென்றால் இரண்டு வருடமாக அது மூட்டிய சூட்டில்தான் கிழக்குக் கரை (நியூயார்க்), மேற்குக் கரை (லாஸ் ஏஞ்சலிஸ்) என்று ஊரே இரண்டாகப் பிரிந்து நின்றது, பத்திரிகைகளும் அட்டையில் போட்டு விற்றுக்கொண்டிருந்தன. நம் ஊரில் நந்திக் கலம்பகம் கேட்டு உயிர்விட்ட ராஜா கதை உண்டு, அதில் பாட்டே ஆளைக் கொல்லும். இங்கே பாட்டுக்கு அந்தச் சக்தி இல்லை. பாடியவனுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதுதான் எல்லாம். ராக்ஸேன் ஷான்டே பின்னால் ஒரு தயாரிப்பாளர் நின்றார், ஜே-ஸி பின்னால் அம்மா நின்றார், டூபாக் பின்னால் நின்றது ஒரு கும்பல்.

சிகாகோவின் தென்பகுதியில் 2010-க்குப் பிறகு வந்த டிரில் என்ற ராப் வகையில் இந்த இடைவெளியே காணாமல் போனது. அங்கே பாடுபவனும் பின்னால் நிற்பவனும் ஒரே ஆள்தான், 16, 17 வயதுப் பையன்கள், இரண்டு தெரு தள்ளி எதிரி. ஸ்டுடியோவும் வானொலியும் நடுவில் இல்லை, யூடியூபில் நேராகப் போட்டுவிடலாம், போட்ட பத்தாவது நிமிடம் எதிரி பார்த்துவிடுவான். லில் ஜோஜோ என்ற 18 வயது ஜோசப் கோல்மன், சீஃப் கீஃப் என்ற டிரில் ராப்பரின் கூட்டத்துப் பாட்டையே எடுத்து அவர்களைக் கொல்லுவேன் என்று மாற்றிப் பாடி வீடியோ போட்டான். 2012 செப்டம்பர் 4 அன்று தான் எந்தத் தெருவில் இருக்கிறேன் என்று தைரியமாக ட்விட்டரில் எழுதினான். அன்று மாலையே, நண்பனின் சைக்கிளில் பின்னால் நின்று போய்க்கொண்டிருந்தபோது சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அந்தச் சாவைக் கிண்டல் செய்து சீஃப் கீஃப் கணக்கிலிருந்து ட்வீட் வந்தது. கணக்கை யாரோ ஹேக் செய்துவிட்டார்கள் என்று பிறகு சொன்னார்.

இதில் எனக்குக் கேட்கவே முடியாத ஒரு பழக்கம், செத்தவர்களைப் பெயர் சொல்லிப் பாடுவது. எதிர்க் கும்பலில் செத்தவனின் பெயரைச் சொல்லி, அவனைச் சுருட்டிப் புகைக்கிறோம் என்று பாடுவார்கள். 2011-ல் 15 வயதில் சுட்டுக் கொல்லப்பட்ட ஒரு பையனின் பெயர் இப்படியே பாடிப் பாடி கஞ்சாவுக்கு இன்னொரு பெயராகவே ஆகி, அவன் யாரென்றே தெரியாத ஊர்களில் எல்லாம் பையன்கள் அந்த வரியைச் சேர்ந்து பாடினார்கள். அவனுடைய அம்மா உயிரோடு இருக்கிறார், நிறுத்துங்கள் என்று பொதுவில் கெஞ்சியும் பார்த்தார்.

2020 ஜூலையில் எஃப்பிஜி டக் என்ற ராப்பர் இதே மாதிரி எதிர்த்தரப்பில் இறந்தவர்களை வரிசையாகப் பெயர் சொல்லி ஒரு பாட்டு விட்டார், பார்வைகள் லட்சக்கணக்கில் ஏறின. ஆகஸ்ட் 4 அன்று பட்டப்பகலில், சிகாகோவின் பணக்கார ஓக் தெருவில், கடைக்கு வெளியே வைத்து அவரைக் கொன்றார்கள். அந்தக் கொலைக்காக ஓ பிளாக் கும்பலைச் சேர்ந்த ஆறு பேரை 2024 ஜனவரியில் கூட்டாட்சி நீதிமன்றம் குற்றவாளிகள் என்றது. அதே ஓ பிளாக்கிலிருந்து வந்த கிங் வான் என்ற பெரிய நட்சத்திரம் 2020 நவம்பரிலேயே அட்லாண்டாவில் இன்னொரு ராப்பரின் கூட்டத்தோடு நடந்த கைகலப்பில் சுடப்பட்டு இறந்திருந்தார். இரண்டு பேருக்கும் வயது 26.

துப்பாக்கி தவிர வேறு விளைவுகளும் உண்டு. 2018-ல் புஷா டி என்ற ராப்பர், டிரேக் வெளியே சொல்லாமல் வைத்திருந்த மகனைப் பாட்டில் போட்டு உடைத்தார், அதன் பிறகு டிரேக்கே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. லண்டனில் ஸ்கெங்டோ, ஏஎம் என்ற டிரில் இரட்டையர் நீதிமன்றத் தடையை மீறி ஒரு பாட்டை மேடையில் பாடினார்கள் என்பதற்காகவே 2019-ல் ஒன்பது மாதச் சிறைத்தண்டனை விதித்து நிறுத்திவைத்தார்கள். கத்தியும் இல்லை, காயமும் இல்லை, பாடியதற்கு மட்டும்.

நீதிமன்றம் என்றதும் மறுபடி டிரேக்கிடம் வர வேண்டும். "நாட் லைக் அஸ்" பாட்டில் ஒரு வரி, நீ கார்டு பிடிக்கப் பார்க்கிறாய், அது ஏ மைனராகத்தான் இருக்கும் என்று. கார்டு என்றால் இசையில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள், ஏ மைனர் அதில் ஒன்று, மைனர் என்றால் 18 வயது நிரம்பாதவர் என்றும் பொருள். இரண்டையும் ஒரே சொல்லில் முடிந்து, சிறுமிகள் பக்கம் போகிறவர் என்று சொல்லிவிடுகிறார். டிரேக் அதை மறுத்தார், யாரும் நிரூபிக்கவும் இல்லை. ஆனால் பாட்டு 2025 பிப்ரவரியில் ஐந்து கிராமி விருது வாங்கியது, அடுத்த வாரமே சூப்பர் பௌல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியின் இடைவேளையில், 13 கோடிக்கும் மேற்பட்டோர் பார்க்க, அந்த "ஏ மைனர்" வரியை அரங்கமே சேர்ந்து கத்தியது.

அதற்கு முன்பே, ஜனவரியில், டிரேக் அவதூறு வழக்குப் போட்டிருந்தார். கென்ட்ரிக் மேல் அல்ல, இரண்டு பேர் பாட்டையும் விற்றுக்கொண்டிருந்த யுனிவர்சல் மியூசிக் குழுமத்தின் மேல். காவலாளி சுடப்பட்ட விஷயமும் மனுவில் வந்தது. அக்டோபரில் நியூயார்க் கூட்டாட்சி நீதிபதி தள்ளுபடி செய்தார்: இது ராப் சண்டை, சூடாக ஒருவரையொருவர் திட்டிக்கொள்ளும் இடம், இதைக் கேட்கும் சாதாரண ஆள் உண்மைத் தகவல் என்று எடுத்துக்கொள்ள மாட்டார், கருத்து என்றுதான் எடுத்துக்கொள்வார். மேல்முறையீடு செய்வதாக டிரேக் தரப்பு சொன்னது. ஹிப் ஹாப் ரசிகர்கள் அவரைக் கிழித்துவிட்டார்கள், பாட்டுக்குப் பாட்டால் பதில் சொல்லாமல் வக்கீலைக் கூப்பிடுவதா என்று. போதாக்குறைக்கு, இந்தச் சண்டையில் டூபாக்கின் குரலைச் செயற்கை நுண்ணறிவில் செய்து, சிறுமிகள் விஷயத்தைப் பாடேன் பார்ப்போம் என்று கென்ட்ரிக்கைச் சீண்டியதே டிரேக்தான்.

தீர்ப்பு சரி என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் உறுத்துவது வேறு. அதே நாட்டில், அட்லாண்டாவில், யங் தக் என்ற ராப்பர் மேல் நடந்த கும்பல் குற்ற வழக்கில் அவருடைய வரிகளையே ஜூரி முன்னால் சாட்சியமாக வாசிக்க 2023 நவம்பரில் நீதிபதி அனுமதித்தார். அங்கே மட்டும் ராப் வரி மிகையில்லை, வாக்குமூலம். பல கோடி சம்பாதிக்கும் நிறுவனம் குற்றவாளிக் கூண்டில் நின்றால் "இதெல்லாம் யார் நம்புவார்கள்", கறுப்பின இளைஞன் நின்றால் "அவனே பாடியிருக்கிறானே". கலிஃபோர்னியா 2022-ல் இதற்குக் கடிவாளம் போட்டு ஒரு சட்டம் கொண்டுவந்தது, பாட்டு வரிகளைச் சாட்சியமாக ஏற்கும் முன் அவை ஜூரியின் மனதைத் தவறாகத் திருப்பிவிடுமா என்று நீதிபதி பார்க்க வேண்டும் என்று.

கென்ட்ரிக்-டிரேக் சண்டையில் நடுவே வந்து போன மூன்றாவது ஆளை மறந்துவிடக் கூடாது. ராப்பர் ஜே. கோல். கென்ட்ரிக் முதலில் சீண்டியது டிரேக்கோடு அவரையும் சேர்த்துத்தான். 2024 ஏப்ரல் 5-ல் பதில் பாட்டு விட்டார், ஏப்ரல் 7-ல் தன் சொந்த ஊர்ப்பக்கம், வட கரோலினாவில், தானே நடத்தும் விழா மேடையில் நின்று, இது என் மனதுக்கு ஒப்பவில்லை, இரண்டு நாளாகத் தூக்கம் இல்லை என்கிற மாதிரி சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பாட்டையும் எடுத்துவிட்டார். அன்று இணையம் அவரைக் கோழை என்று கலாய்த்த கலாய்ப்புக்கு அளவே இல்லை, நானும் ஒரு மீம் அனுப்பினேன். ஒரு மாதம் கழித்து அந்தக் காவலாளி செய்தி வந்த அன்று அதே ஆட்கள் "கோல்தான்யா புத்திசாலி" என்று எழுதிக்கொண்டிருந்தார்கள்.

கேட்டுப் பார்க்க ஆசையிருந்தால் ராக்ஸேன் ஷான்டேயில் ஆரம்பியுங்கள், அப்புறம் "டேக்ஓவர்", உடனே "ஈத்தர்", அந்த வரிசையில். "நாட் லைக் அஸ்" எப்படியும் ஏதாவது கல்யாண வீட்டு டிஜே போட்டு ஏற்கனவே கேட்டிருப்பீர்கள். சிகாகோ பாட்டுகளைக் கேட்பதானால், வரியில் வரும் பெயர் யாருடையது என்று ஒரு தடவை தேடிவிட்டுக் கேளுங்கள். தேடிய பிறகு பாதியைத் திரும்பப் போட எனக்கு மனம் வரவில்லை.